அந்த விளம்பரக் கம்பெனிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்

எய்யா,

நீ மெட்ராஸ்ல இருந்து கூரியர்ல அனுப்பின ஒப்பந்தப் பத்திரம் நேத்து மத்தியானம் வந்து சேர்ந்துச்சு. அம்மா இங்க கையெழுத்து, அம்மா இங்க கையெழுத்துன்னு பென்சில்ல இடமெல்லாம் காட்டி வச்சிருக்க. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘விளம்பரக் கம்பெனி மேனேஜர் உம்மேல ரொம்ப வருத்தமா இருக்கார். போன்ல ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு, எல்லாம் சரியாயிரும்.’ ரெண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுதேன். கையெழுத்துப் போட மாட்டேன். மன்னிப்பும் கேக்க மாட்டேன். இதைப் போன்ல சொன்னா நீ பாதியிலேயே ‘சரிம்மா, சரிம்மா’ன்னு வச்சிருவ. அதான் உக்காந்து எழுதுதேன். நிதானமாப் படி. கோவம் வந்தா எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சிட்டு வந்து திரும்பப் படி. உன்னை மாதிரிக் கம்பெனி நடத்துத உன் சேக்காளிகளுக்கும் காட்டு. அந்த மேனேஜருக்கே வாசிச்சுக் காட்டினாலும் எனக்கு ஒண்ணும் இல்லை, அவர்ட்ட நேர்ல சொல்லாத எதையும் இதுல நான் எழுதப் போறதில்லை.

நீ கம்பெனி ஆரம்பிக்கும்போது கூட்டாளியா இன்னொரு பேரு வேணும்னு வந்து நின்ன. ‘பேருக்குத்தாம்மா, உனக்கு ஒரு வேலையும் கிடையாது’ன்ன. நான் அப்பவே சொன்னேம்லா, பேருக்கு இருக்குத ஆள் நான் இல்லைன்னு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல காதுல மாட்டினதைக் கழத்தாம டிரங்க் கால் போட்டுக் குடுத்தே ஆயுசுல பாதியைக் கழிச்சவ நான். ரிட்டையர் ஆகி வீட்டுல உக்காந்தப்போ காது சும்மா கிடந்து கொதிச்சுது. உன் ஆபீஸ் போன் அடிச்சு அடிச்சு ஓயுதது கீழ எனக்குக் கேக்கும். நீயும் உன் பயலுகளும் கம்ப்யூட்டருக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஒருத்தனும் எடுக்க மாட்டிய. ஒருநாள் பொறுக்க முடியாம மாடி ஏறி வந்து நான் எடுத்தேன். அன்னையில இருந்து அது என் நாற்காலி. நீ கூப்பிடலை, நானாத்தான் வந்தேன். அதுல எனக்கு ஒரு வெக்கமும் கிடையாது.

பலசரக்குக் கடை, அரிசி ஆலை, மருந்துக் கடை, ஜவுளிக் கடைன்னு யாரெல்லாம் பில் போடவும் சரக்கு இருப்புப் பாக்கவும் வரிக் கணக்கு எழுதவும் உன் சாப்ட்வேரை வாங்குதாங்களோ, அவங்களுக்கெல்லாம் முதல் பழக்கம் என் குரல்தான். ‘எக்கா, திரை கறுத்துப் போய் நிக்கு’ம்பாங்க. ‘பதறாதிய அண்ணாச்சி, பின்னால இருக்குத வயரைப் பைய அமுக்கிப் பாருங்க’ம்பேன். வந்துரும். உடனே, ‘எக்கா, உங்க கைராசி’ம்பாங்க. கை எங்க இருக்கு, வயர் எங்க இருக்கு! ஆனா அப்படிச் சொன்ன மனுசன் அடுத்த கடைக்காரன்ட்ட சொல்லி, அவன் இன்னொருத்தன்ட்ட சொல்லி, சீவலப்பேரி அரிசி ஆலையில இருந்து திசையன்விளை கடைத்தெரு வரைக்கும் இப்படித்தான் நம்ம சரக்கு போச்சு. இது பத்தாது, ஊரைத் தாண்டி விக்கணும், அதுக்கு விளம்பரம் வேணும்னு நீ சொன்னப்போ நான் தடுக்கலை. தடுத்தேன்னு உன் பொண்டாட்டிட்ட சொல்லியிருக்கியாமே, அது பொய்.

மெட்ராஸ்ல பெரிய விளம்பரக் கம்பெனின்னு நீ கூட்டிட்டு வந்த. சென்னைன்னு பேரை மாத்தினாலும் எனக்கு அது மெட்ராஸ்தான், விடு. அந்த மேனேஜர் நல்லாப் பேசினார், நான் இல்லைங்கலை. சுவத்துல வெள்ளை வேட்டியைக் கட்டி ஸ்லைடு போட்டுக் காட்டினார். சோப்பு, குக்கர், பிஸ்கட்டுன்னு அவங்க செஞ்ச விளம்பரம் எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. நம்ம நோட்டீசுல எழுத்து பொடிசா இருக்கு, சாப்ட்வேர் வச்சுக் குடுக்குத அட்டையோட பச்சை நிறம் கண்ணைக் குத்துதுன்னார். ரெண்டும் சரி, நானே தலையாட்டினேன். ஆனா வந்ததுல இருந்து போறது வரைக்கும் ‘இதை வாங்குதவங்க யாரு, கடையில இதுக்கு முன்னால உக்காருதது யாரு’ன்னு அந்த மனுசன் கேக்கவே இல்லை. நான் உன்னைப் பார்த்தேன், நீ ஸ்லைடைப் பார்த்துக்கிட்டு இருந்த. சோதனைக்கு ஒரு விளம்பரம் போட்டுப் பாப்போம்னு ரெண்டு பேரும் கை குலுக்கினிய.

அந்த விளம்பரத்தை எப்படிலே மறந்த நீ? பேப்பர்ல கால் பக்கம். காதுல பேனா சொருகி, தொப்பை தள்ளி, மூக்குக் கண்ணாடி நழுவி விழுத கணக்குப்பிள்ளை படம். ஒரு கம்ப்யூட்டர் அவர் முதுகுல கை வச்சு வாசலுக்கு வெளிய தள்ளுது. மேல கொட்டை எழுத்துல ‘கணக்குப்பிள்ளைக்கு விடை கொடுங்கள்!’ன்னு போட்டிருந்தான். மெட்ராஸ்ல அதைப் பார்த்துச் சிரிப்பாங்களா இருக்கும். நம்ம ஊர்ப்பக்கக் கடைகள்ல கணக்குப்பிள்ளைன்னா யாருலே? முதலாளியோட மச்சான், இல்லைன்னா சித்தப்பா மகன், அதுவும் இல்லைன்னா அக்கா மாப்பிள்ளை. கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் சம்பந்தக்காரன். அவரைத் தாண்டி ஒரு குண்டூசி அந்தக் கடைக்குள்ள வராது. நம்ம சாப்ட்வேரைப் படிச்சு, தட்டி, தினசரி ஓட்டுதவரும் அவர்தான். அவர் முதுகுல கை வச்சுத் தள்ளுத மாதிரிப் படம் போட்டா நம்மளை உள்ள விடுவாரா? மேனேஜருக்கு இது தெரியாது, அசலூர்க்காரர், போகட்டும். உனக்குத் தெரியாதா? உங்க பெரிய மாமா சொந்தக்காரங்க கடையில கணக்குப்பிள்ளையா உக்காந்துதானே உங்க அத்தையையும் பிள்ளைகளையும் காப்பாத்துனாங்க? நாலு வருசம் மெட்ராஸ்ல படிச்ச கையோட அதெல்லாம் உனக்கு மறந்து போச்சா?

அன்னைக்குக் காலையில போன் அடிச்ச அடியில நான் பல்லு கூட விளக்கலை. ஒருத்தர் பேரை மட்டும் சொல்லிட்டுப் போனை வச்சிட்டார். திசையன்விளை பலசரக்கு அண்ணாச்சி மட்டும்தான் வாயைத் திறந்தார். ‘எக்கா, இது உங்க கம்பெனி விளம்பரந்தானா? எம் பொண்டாட்டி பேப்பரை மடிச்சு எம் மூஞ்சிக்கு முன்னால போட்டுட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. வீட்டுல அடுப்பு எரியலை. மச்சான் கடைக்கு வரலை. நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க’ன்னார். நீ அன்னைக்கு மெட்ராஸ்ல. நான் வேற என்ன செய்ய முடியும்? உங்கப்பாட்ட பழைய சோறு இருக்குன்னு சொல்லிட்டு, நாங்குநேரி வழியா போற பஸ்ஸைப் பிடிச்சேன்.

கடைக்குப் போனா, கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி, அது மேல மிளகு மூட்டையைத் தூக்கி வச்சிருக்காங்க. அண்ணாச்சி எந்திரிச்சு வாங்கன்னு கூட சொல்லலை. நான் நேரா மச்சான் வீட்டுக்குப் போனேன். அந்த மனுசன் வாசல்ல ஈசிச்சேர்ல கிடந்தார். ‘உங்க மெசினே கணக்கைப் பார்த்துக்கிடட்டும் தாயி, நமக்குத்தான் விடை குடுத்தாச்சே’ன்னார். சண்டை போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். அவர் அப்படிப் பையச் சொல்லவும் நான் படியிலேயே உக்காந்துட்டேன். ‘அதை எழுதினவனுக்குக் கடைன்னா என்னன்னு தெரியாது அண்ணாச்சி. எம் மகன் பார்க்காம விட்டது தப்பு. நீங்க வந்து உக்காரலைன்னா அந்த மெசினுக்கு வேலையே இல்லை, நானே கையோட தூக்கிட்டுப் போயிருதேன்’னேன். உள்ள இருந்து அவர் தங்கச்சி, அதான் அண்ணாச்சி பொண்டாட்டி, ‘இந்த அக்காவாச்சும் நேர்ல வந்தாங்களே. உங்க மச்சான் இன்னும் எட்டிப் பார்க்கலை’ன்னு அண்ணன்ட்ட தன் புருசனைச் சொல்லுதா. அப்புறம் அண்ணாச்சியைக் கூப்பிட்டு விட்டு, எல்லாருமாச் சேர்ந்து சாப்பிட்டோம். மறுநாள் மிளகு மூட்டை இறங்கிட்டு. மத்த கடைகள்ல எத்தனை மூட்டை இறங்காமலே இருக்குன்னு நீ போய்ப் பார்த்தியா?

இவ்வளவும் நடந்த பிறகு அதே மேனேஜர் அடுத்த திட்டத்தைத் தூக்கிட்டு உன் கூடவே நம்ம வீட்டுக்கு வாரார். முதல் விளம்பரம் என்ன ஆச்சுன்னு ஒரு பேச்சு இல்லை. ‘அது ரீஜனல் சென்சிடிவிட்டி மேடம்’னு தள்ளிவிட்டுட்டார். இப்ப ஊரையே மறைக்கணுமாம். விலாசம் மெட்ராஸ் விலாசம் மட்டும்தான் போடணுமாம். கம்பெனிக்கு நாம வச்ச நம்ம ஊர் ஆத்தோட பேரு வெளியூர்க்காரன் வாயில நுழையாதாம், இங்கிலீஷ்ல ஒரு பேரு கொண்டு வந்திருந்தார். போனை மெட்ராஸ்ல ஒரு பொண்ணு எடுக்குமாம், என் குரல்ல கம்பெனிக்கு இமேஜ் வராதாம். அதை என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே சொல்லுதார், நான் போட்டுக் குடுத்த காப்பியைக் குடிச்சுக்கிட்டே சொல்லுதார். ‘திருநெல்வேலின்னு போட்டா அல்வாக் கடைன்னு நினைப்பாங்க மேடம்’னார். ‘நினைக்கட்டுமே! அல்வாக் கடையில வரிசையில நின்னுல்லா வாங்குதான். உங்க விளம்பரத்தைப் பார்த்து எவன்யா வரிசையில நின்னான்?’னேன். உங்கப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கலை, எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. ‘சரி, எங்க சாப்ட்வேர் ஓடுத ஒரு கடைக்காவது இதுவரைக்கும் போயிருக்கியளா?’ன்னு கேட்டேன். ‘அதெல்லாம் எங்க எக்ஸிக்யூட்டிவ் பார்ப்பாங்க’ன்னார். ‘அப்ப அந்த எக்ஸிக்யூட்டிவை வரச் சொல்லுங்க. நீங்க காப்பியை முடிச்சிட்டு எந்திரிங்க’ன்னேன். இதுதான் நான் செஞ்ச குத்தம். காப்பியைக் குடிச்சு முடிக்க விட்டுத்தான் எந்திரிக்கச் சொன்னேங்கிறதை ஞாபகம் வச்சுக்கோ. இன்னைக்கு வந்தாலும் அதேதான் சொல்லுவேன்.

மறைச்சு விக்குதது எனக்கு ஆகாதுய்யா. இன்னைக்கு வந்த புத்தி இல்லை இது. என்னைப் பொண்ணு பார்க்க உங்கப்பா வீட்டுல இருந்து வந்தப்போ, தரகர் எங்கப்பா காதைக் கடிச்சிட்டார்: ‘பொண்ணு ராத்திரி டூட்டி பாக்குன்னு மட்டும் வாயை விட்டுராதிய. ஆபீஸ் வேலைன்னு சொல்லிக்கிடுவோம், கலியாணம் முடிஞ்ச பிறகு பார்த்துக்கிடலாம்.’ எங்கப்பாவும் சரின்னுட்டாங்க, எனக்கு அடுத்து ரெண்டு பொண்ணு நிக்காளுவல்லா. நான் காப்பித் தட்டைக் கொண்டு வந்து வச்ச கையோட, ‘எனக்கு மாசத்துல பாதி நாள் ராத்திரி டூட்டி. கலியாணத்துக்குப் பிறகும் போவேன்’னுட்டேன். உங்கப்பாவைப் பெத்த ஆச்சி எடுத்த தம்ளரைக் கீழ வச்சிட்டா. தரகர் முகம் வெளிறிப் போச்சு. உங்கப்பாதான் பைய வாயைத் திறந்தாங்க. ‘அப்ப பகல்ல தூங்கணும்லா, தெருப்பக்கம் சத்தமா இருக்கும், பின் ரூம்பைக் குடுத்துருவோம்’னாங்க. அன்னைக்கு நான் மறைச்சிருந்தா ஆயுசுக்கும் அதைக் காவல் காத்துக்கிட்டே இருந்திருக்கணும். நீ இப்ப ஊரை மறைச்சா, பேரை மறைச்சா, உங்கம்மா குரலை மறைச்சா, நாளைக்கு ஒரு கடைக்காரன் ‘ஆபீசைப் பார்க்க வாரேன்’னு கிளம்பினான்னா என்ன செய்வ? மெட்ராஸ்ல ஒரு நாற்காலியையும் அந்தப் பொண்ணையும் காட்டுவியா?

பாளையங்கோட்டையில ஜோதின்னு ஒரு பிள்ளை சின்னதா விளம்பரக் கம்பெனி வச்சிருக்கே, சைக்கிள் கடை மாடியில. ஜவுளிக் கடைக்கெல்லாம் பேப்பர் விளம்பரம் எழுதுது, வானொலிக்கும் எழுதுது. நான் சொல்லித்தான் வந்துச்சு. மாடிப்படி ஆடுது, இங்கிலீஷ்ல விசிட்டிங் கார்டு இல்லைன்னு நீ ஏறிப் பார்க்கவே மாட்டேன்னுட்ட. அது என்ன செஞ்சுது தெரியுமா? வந்து என் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுக்கிட்டு ஒரு பகல் முழுக்க எனக்கு வந்த போனை எல்லாம் கேட்டுச்சு. அப்புறம், ‘யம்மா, பேசுத பாதிப் பேரு சாயங்காலம் நேரத்தோட வீட்டுக்குப் போகணும்னுல்லா தவிக்காங்க’ன்னுச்சு. எனக்கே அது உறைக்கலை பாத்துக்கோ, இத்தனை நாளாக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒரு தாளை எடுத்து எழுதிக் குடுத்துச்சு: ‘கணக்குப்பிள்ளை இன்று விளக்கு வைக்கும் முன்பே வீட்டுக்குப் போகிறார்.’ படத்துல கணக்குப்பிள்ளை சிரிச்ச முகமாச் சைக்கிள் ஏறுதார், பின்னால மேசையில கம்ப்யூட்டர். அதே மெசின், அதே ஆள். இது ஓடுமா ஓடாதான்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. டெல்லிக்கும் பம்பாய்க்கும் விளம்பரம் பண்ண அதுக்குத் தெம்பு இருக்கான்னும் தெரியாது. ஆனா நம்மளைப் பத்தி எழுதுததுக்கு முன்னால நம்மளைப் பார்க்க வந்த ஆளு அது ஒண்ணுதான்.

நீ ஜோதியைத்தான் வச்சுக்கிடணும்னு நான் ஒத்தைக் காலுல நிக்கலை. மெட்ராஸ் கம்பெனியா, மதுரைக் கம்பெனியா, யாரை வேணும்னாலும் பாரு. பேசுததுக்கு ஒருத்தன், வேலைக்கு வேற ஒருத்தன்னு வந்தா, வேலை செய்யுதவனைக் காட்டச் சொல்லு. அவங்களை விட்டுப் போன வியாபாரிகள் யாரு யாருன்னு கேளு, இருக்குதவங்களை விட அவங்கதான் உண்மையைச் சொல்லுவாங்க. முதல்ல ஒரு சின்ன வேலையைக் குடுத்துப் பாரு, அதுல தப்புப் பண்ணினா எப்படி ஒத்துக்கிடுதான்னு பாரு. நீ அனுப்பின பத்திரத்துல என்ன போட்டிருக்கு? ரெண்டு வருசத்துக்கு நாம விலக முடியாது, படமும் எழுத்தும் புதுப் பேரும் அவங்களுக்கே சொந்தம். நம்ம பேரு நமக்குச் சொந்தமில்லைன்னு எழுதின தாளுல எப்படிலே உனக்குக் கையெழுத்துப் போட மனசு வந்துச்சு? உங்கப்பா எட்டிப் பார்த்து ‘இவ்வளவு நேரமா என்னத்த எழுதுதே’ன்னு கேக்காங்க. உங்க மகனுக்குத்தான்னேன். ‘அப்ப ராத்திரிச் சாப்பாடு நானே பார்த்துக்கிடுதேன்’னுட்டுப் போயிட்டாங்க.

‘எத்தனை நாள்தாம்மா திருநெல்வேலியிலேயே கிடக்குதது’ன்னு நீ அன்னைக்கு மேனேஜர் போன பிறகு கத்துனது என் காதுலேயே நிக்கு. யாரு உன்னைக் கிடக்கச் சொன்னா? போ. சிங்கப்பூர் வரைக்கும் போய் வித்துட்டு வா. இங்க இருந்து வாரேன்னு சொல்லிட்டுப் போ, அவ்வளவுதான் நான் கேக்குதது. இன்னொண்ணையும் சொல்லிருதேன், அம்மா தனக்காகத்தான் சண்டை போடுதான்னு நீ நினைக்க. ஆமா, எனக்காகவும்தான். என் குரல் கம்பெனிக்கு அசிங்கம்னு ஒரு அசலூர்க்காரன் சொல்லும்போது நீ கால் நகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னியே, அது எனக்கு வலிச்சுது. இப்பவும் வலிக்கு. உனக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகள்ல கூட எக்ஸ்சேஞ்சுல நின்னு ஊரார் குரலைச் சேர்த்து வச்ச வாய் இது.

பத்திரத்தைக் கையெழுத்து இல்லாமத் திருப்பி அனுப்புதேன். என்னைக் கூட்டாளியில இருந்து விலக்கிட்டா உன் இஷ்டப்படி செய்யலாம், அதுக்கு ஒரு பத்திரம் போதும்னு வக்கீல்ட்ட நானே விசாரிச்சு வச்சிருக்கேன். அதைத் தாராளமா எழுதிக் கொண்டா. கூரியர்ல மட்டும் அனுப்பாத, நீயே கொண்டா. திங்கக்கிழமை கடை திறந்ததும் திசையன்விளை அண்ணாச்சி எப்படியும் கூப்பிடுவார், ஏதாவது ஒண்ணு கேக்க. அந்தப் போனை நீ எடு. ‘எங்கம்மா குரல் இனிமே வேண்டாம்னு விலக்கியாச்சு, நீங்க மெட்ராசுக்குப் பேசிக்கிடுங்க’ன்னு உன் வாயால அவர்ட்ட சொல்லு. நான் பக்கத்துலதான் பேனாவோட நிப்பேன். நீ சொல்லி முடிச்ச நிமிசமே கையெழுத்துப் போட்டுத் தாரேன்.

உன் கூட்டாளி,
அம்மா